கணிப்பொறிக்குள் ஒரு கழுத்து

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிவப்பு விளக்கு விழுந்ததால் காரை நிறுத்தியிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் அக்கா. பின்னால் வந்த வேன் ஒன்று சரியாக நிற்காமல் எங்கள் காரை லேசாக முட்டிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். வேன் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார். நாங்களும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை எனக்குக் கழுத்தில் சற்றுப் பிடிப்பு இருந்தது. இரண்டு நாளில் அது போய்விட்டது. அக்காவுக்குப் போகவில்லை. மூன்று மாதம் அவரால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒரு குறையும் தெரியவில்லை. "வண்டிக்கே ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று உறவினர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வலியைவிட அந்தக் கேள்வி அவருக்கு அதிகம் வலித்தது. ஒரு நாள் என்னிடம், "நீதான் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன் ஆயிற்றே, இதற்குப் பதில் சொல்லேன்" என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் நியூட்டன் விதிகளில் தொடங்கி, கணிப்பொறிக்குள் ஒரு மனிதக் கழுத்தையே கட்டி எழுப்பும் முயற்சி வரை இந்தக் கதை போகிறது.

தலை எங்கே போகிறது?

ஓடத் தொடங்கும் பேருந்தில் நிற்பவர் பின்னால் சாய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிலைமத்தின் விளைவு அது. பின்னாலிருந்து மோதப்படும் காரிலும் இதுவே நிகழ்கிறது. மோதல் காரை முன்னோக்கித் தள்ளுகிறது. கார் இருக்கையைத் தள்ளுகிறது. இருக்கையின் முதுகுச் சாய்வு உங்கள் முதுகைத் தள்ளுகிறது. ஆனால் தலையை நேராகத் தள்ளுவதற்கு முதலில் எதுவும் இல்லை. உடல் முன்னே போக, தலை இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது.

காருக்குள் இருப்பவருக்குத் தலை பின்னால் வீசப்பட்டதாகத் தோன்றும். சாலையோரத்தில் நிற்பவர் பார்த்தால் வேறு விதமாகச் சொல்வார்: தலை நின்றது, உடல் அதன் அடியிலிருந்து உருவப்பட்டது. இரண்டில் எந்தப் பார்வையை எடுத்துக்கொண்டாலும், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது கழுத்துதான்.

தலையின் நிறை சுமார் 4.5 கிலோகிராம். ஏழு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண் அதைத் தாங்குகிறது. அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. பின்புறம் இரு பக்கமும் சிறு மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. இந்தச் சிறு மூட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

உடல் முன்னே நகர்ந்து தலை பின்தங்கும்போது கழுத்தின் அடிப்பகுதி பின்னோக்கி வளைகிறது. மேற்பகுதி முன்னோக்கி வளைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போலிருக்கும். இந்த வளைவு மோதல் தொடங்கிய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உண்டாகிறது. அதன் பிறகே கழுத்து முழுவதும் பின்னால் சாய்ந்து, பின்னர் முன்னால் துள்ளி வருகிறது. சாட்டையின் நுனியைப் போல் தலை வீசப்படுவதால் இதற்குச் 'சாட்டை வீச்சு' என்ற பொருள்படும் பெயர் ஏற்பட்டது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஹெரால்டு குரோ 1928-இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

கணிப்பொறி இந்த நிகழ்ச்சியை எப்படிக் கணக்கிடுகிறது? அதன் அடிப்படை மிக எளியது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாமே செய்து பார்ப்போம்.

உடலை ஒரு பெட்டி என்றும், தலையை 5 கிலோகிராம் பந்து என்றும், இரண்டையும் இணைக்கும் கழுத்தை ஒரு சுருள்வில் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீட்ட 2000 நியூட்டன் விசை தேவைப்படும் வில் அது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன். இருக்கை உடலை வினாடிக்கு வினாடி 20 மீட்டர் என்ற முடுக்கத்தோடு முன்னே தள்ளுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. பத்தில் ஒரு வினாடி நீடித்தால் காரின் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் மாறும். கணக்குக்கு வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, லேசான மோதல்தான்.

நேரத்தைப் பத்துப் பத்து மில்லி வினாடிகளாக, அதாவது 0.01 வினாடிகளாக, நறுக்கிக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று வேலைகள்:

ஒன்று, வில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து விசையைக் காண வேண்டும். இரண்டு, விசையை நிறையால் வகுத்து முடுக்கத்தைக் காண வேண்டும். மூன்று, முடுக்கத்தை 0.01 வினாடியால் பெருக்கிப் பழைய வேகத்தோடு கூட்ட வேண்டும்; புதிய வேகத்தை 0.01-ஆல் பெருக்கிப் பழைய இடத்தோடு கூட்ட வேண்டும்.

முதல் துண்டின் முடிவில் உடலின் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர்; அது 2 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. தலை அசையவில்லை. வில்லின் நீட்சி 2 மில்லிமீட்டர். விசை 4 நியூட்டன். தலைக்குக் கிடைக்கும் முடுக்கம் 0.8. இரண்டாம் துண்டின் முடிவில் உடல் 6 மில்லிமீட்டர் போய்விட்டது, தலை 0.08 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. மூன்றாம் துண்டில் உடல் 12 மில்லிமீட்டர், தலை 0.4 மில்லிமீட்டர். இப்படியே தொடர்ந்தால் 50 மில்லி வினாடியில் உடல் 30 மில்லிமீட்டர் முன்னேறியிருக்க, தலை 2.7 மில்லிமீட்டர் மட்டும் வந்திருக்கும். 70 மில்லி வினாடியில் உடல் 56, தலை 9.4. இடைவெளி ஏறத்தாழ 47 மில்லிமீட்டர்!

உங்கள் தாளில் இந்த எண்கள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். வந்தால் நீங்கள் ஒரு கணிப்பொறியின் வேலையைச் செய்துவிட்டீர்கள். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் நடப்பதும் இதே வேலைதான். அங்கே ஒரு பந்துக்குப் பதிலாகப் பல எலும்புகள், ஒரு வில்லுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான நார்களும் தசைகளும். உண்மையான கழுத்து நீள நீள இறுகும். நம் வில்லுக்கு அந்தக் குணம் இல்லை. நேரத் துண்டும் அங்கே பத்து மில்லி வினாடி அல்ல. மிக நுண்ணிய மாதிரிகளில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும்.

ஏன் கணிப்பொறி?

இவ்வளவு பாடுபட்டுக் கணக்கிடுவானேன், நேராகச் சோதித்துப் பார்த்தால் போகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. யாரை வைத்துச் சோதிப்பது?

உயிருள்ள மனிதரை வைத்துச் செய்த சோதனைகள் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவில் ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டார். மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்துக்குப் போன வண்டி 1.4 வினாடியில் நின்றது. புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு விசையை அவர் உடல் தாங்கியது. பிழைத்தார், ஆனால் கண்களில் இரத்தம் கசிந்து சிறிது நேரம் பார்வையை இழந்தார். இப்படிப்பட்ட துணிவை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. காயம் எப்படி ஏற்படுகிறது என்று அறிவதற்காக ஒருவரைக் காயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. ஆகையால் தொண்டர்களை வைத்துச் செய்யும் சோதனைகள் மெதுவான மோதல்களோடு நின்றுவிடுகின்றன.

ஆய்வுக்காகத் தானம் செய்யப்பட்ட உடல்களை வைத்து வேகமான மோதல்களைச் சோதிக்கலாம். எலும்பையும் நாரையும் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கொடையாளர்கள் தந்ததே. ஆனால் உயிரற்ற உடலில் தசை சுருங்காது.

மூன்றாவது வழி, பொம்மை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 'ஹைப்ரிட் 3' என்ற மோதல் பொம்மை இன்றளவும் பெயர்பெற்றது. அதன் கழுத்து ரப்பரும் உலோகமும் அடுக்கியது. முன்புற மோதலுக்காக வடிவமைத்தது. பின்புற மோதலுக்கு அது மிகவும் விறைப்பானது என்று கண்டு, சுவீடனில் 1990-களில் முதுகெலும்பின் 24 எலும்புகளையும் தனித்தனியே கொண்ட 'பயோரிட்' என்ற பொம்மையை உருவாக்கினார்கள். அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் தானாகச் சுருங்கும் தசை பொம்மைக்கு ஏது?

ஆக, உயிருள்ளவரிடம் தசை உண்டு, வேகமாக மோத முடியாது. உயிரற்ற உடலையும் பொம்மையையும் மோதலாம், தசை வேலை செய்யாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கணிப்பொறி வந்தது.

தசையைச் சமன்பாடாக எழுதுவது

கண்ணாடி முன் நின்று தலையை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வலப்பக்கக் காதின் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை ஒரு கயிறு போல் புடைத்து நிற்கும் தசையைக் காண்பீர்கள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்பது அதன் நீண்ட பெயர். கழுத்தின் பின்புறம் தொட்டால் ட்ரப்பீசியஸ் தசை கையில் படும். இவற்றுக்கு அடியில் அடுக்கடுக்காக இன்னும் பல உண்டு; மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட இணைகள்.

ஒரு தசை எவ்வளவு விசையோடு இழுக்கும்? மூன்று செய்திகள் தெரிந்தால் கணக்கிடலாம். முதலாவது, தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு. பருத்த கயிறு அதிகம் தாங்குவது போல, பருத்த தசை அதிகம் இழுக்கும். இரண்டாவது, அப்போதைய நீளம். மிகச் சுருங்கியோ மிக நீண்டோ இருந்தால் தசையின் வலிமை குறையும். நடுத்தர நீளத்தில்தான் அதன் முழுத் திறனும் வெளிப்படும். மூன்றாவது, அது சுருங்கும் வேகம்.

கிணற்றில் நீர் இறைப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? வெறும் வாளியை விறுவிறுவென்று இழுப்பார். நிறைந்த வாளியை மெதுவாகத்தான் இழுக்க முடியும். இங்கிலாந்து அறிஞர் ஏ. வி. ஹில், தவளையின் தசையை ஆராய்ந்து 1938-இல் இந்த உறவை ஒரு சமன்பாடாக எழுதினார்:

(விசை + அ) × (வேகம் + ஆ) = மாறிலி

இங்கே 'அ', 'ஆ' என்பவை அந்தந்தத் தசைக்கு உரிய எண்கள். வேகம் கூடினால் விசை குறையும் என்பதே இதன் சாரம். சுருங்க முயலும் தசையை வெளியிலிருந்து யாராவது பலவந்தமாக நீட்டினால், அது அசையாமல் நின்று தாங்குவதைவிட அதிக விசையைத் தாங்கும் என்பதும் தெரியவந்தது. மோதலில் கழுத்துத் தசைகளுக்கு நேர்வது பெரும்பாலும் இந்தப் பலவந்த நீட்சிதான். தவளைத் தசையில் பிறந்த சமன்பாடு இன்று காரின் பாதுகாப்பைக் கணக்கிட உதவுகிறது என்பது வியப்பல்லவா?

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டி யாகர் 1996-இல் முடித்த முனைவர் ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். தலை, ஏழு கழுத்து முள்ளெலும்புகள், அவற்றுக்கு அடியிலுள்ள முதல் மார்பு முள்ளெலும்பு என ஒன்பது பொருள்களைக் கணிப்பொறியில் அடுக்கி, வட்டுகளையும் நார்களையும் சிறு மூட்டுகளையும் தசைகளையும் அவர் சேர்த்தார். பிறகு, நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கக் கடற்படைத் தொண்டர்களைச் சறுக்கு வண்டியில் அமர்த்தி அளந்திருந்த முடிவுகளோடு ஒப்பிட்டார். தசைகள் சுருங்குவதைச் சேர்த்தபோதுதான் கணிப்பொறித் தலை, தொண்டரின் தலையைப் போல் அசைந்தது. தசைகளை உறங்கவிட்டால் தலை அளவுக்கு மீறிச் சுழன்றது.

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. தசையை இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடாக வரைந்தால், கழுத்து வளையும்போது அந்தக் கோடு எலும்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும்! உண்மையான தசை எலும்பைச் சுற்றி வளைந்து போகும். அதே பல்கலைக்கழகத்தில் மரிகே வான் டெர் ஹார்ஸ்ட், தசைகள் வளைந்து செல்லுமாறு மாதிரியைத் திருத்தி 2002-இல் தம் ஆய்வை முடித்தார்.

தாமதமாக வரும் காவலர்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மோதலின்போது தசை எப்போது விழிக்கிறது?

சுடுபாத்திரத்தைத் தொட்டவுடன் கை பின்வாங்குவது போல, கழுத்துத் தசைகள் சுருங்குவதும் ஓர் அனிச்சைச் செயல். அதிர்வை உணர வேண்டும். செய்தி நரம்பு வழியே போக வேண்டும். கட்டளை தசைக்குத் திரும்பி வர வேண்டும். தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி அளந்தபோது, மோதல் தொடங்கிச் சுமார் 60 முதல் 100 மில்லி வினாடிகள் கழித்தே தசையில் மின்துடிப்பு தோன்றுவது தெரிந்தது. துடிப்பு தோன்றிய பிறகும், விசை முழுமையாக எழ இன்னும் பல மில்லி வினாடிகள் ஆகும்.

நம் நோட்டுக் கணக்கை மீண்டும் பாருங்கள். 70 மில்லி வினாடியில் தலை ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் பின்தங்கிவிட்டது. அப்போதுதான் காவலர் கண் விழிக்கிறார்!

அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ணாலேயே கண்டார்கள். கனேயோகாவும் ஓனோவும் உள்ளிட்ட குழுவினர் பத்துத் தொண்டர்களைச் சறுக்கு இருக்கையில் அமர்த்தி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நடக்கும் வேகத்தில், மோதவைத்து, வினாடிக்கு 90 எக்ஸ்ரே படங்கள் எடுத்தார்கள். 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமாகத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது கழுத்தின் சிறு மூட்டுகளில் ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்லும். மோதலில் அப்படி வழுக்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே சுழற்சி மையம் மேலே நகர்ந்து, மூட்டின் பரப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

மூட்டின் உறையில் நரம்பு முனைகள் உண்டு. ஆகவே அங்கே சேதம் ஏற்பட்டால் வலிக்கும். ஆனால் மெல்லிய உறையின் சிதைவு எக்ஸ்ரேயில் தெரியாது. ஆஸ்திரேலிய மருத்துவர் நிக்கோலாய் போக்டக்கின் குழுவினர் 1990-களில், சாட்டை வீச்சுக்குப் பின் நெடுநாள் கழுத்து வலியால் துன்பப்பட்டவர்களுக்கு இந்த மூட்டுகளின் நரம்பை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலியின் பிறப்பிடம் அங்கேதான் இருந்தது.

தாமதமாக வந்தாலும் தசை உதவி செய்யத்தானே செய்யும் என்று நினைப்போம். அதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. மல்ட்டிஃபிடஸ் என்ற ஆழ்ந்த தசையின் நார்கள் சில, மூட்டின் உறையிலேயே நேராகப் பற்றியிருக்கின்றன. உறை ஏற்கெனவே இழுபட்டிருக்கும் வேளையில் அந்தத் தசையும் திடுக்கிட்டுச் சுருங்கினால், உறையின் சுமை கூடலாம். தலையைக் காக்கும் தசைகளில் ஒன்றே மூட்டுக்குப் பாரமாகவும் ஆகலாம்.

எந்தத் தசை காக்கிறது, எது துன்புறுத்துகிறது என்று உயிருள்ளவரின் ஆழ்ந்த தசைகளைப் பிரித்துப் பிரித்துச் சோதிக்க முடியாது. கணிப்பொறியில் ஒரு தசையை அணைத்துவிட்டு மீண்டும் மோதவிடலாம். தாமதத்தை 70-க்குப் பதில் 40 மில்லி வினாடி என்று மாற்றிப் பார்க்கலாம். நூறு முறை மோதினாலும் யாருக்கும் வலிக்காது.

இன்னொரு வசதியும் உண்டு. கனடாவின் குன்டர் சீக்மண்ட் தம் தொண்டர்களிடம் ஒன்றைக் கண்டார். முதல் மோதலில் திடுக்கிடும் தசை, அடுத்தடுத்த மோதல்களில் பழகிப்போய் அடங்கிவிடுகிறது. சாலையில் மோதப்படுபவருக்கு ஒத்திகை கிடையாது. ஆகவே சோதனையில் முதல் முறை கிடைக்கும் அளவுதான் சாலைக்கு நெருங்கியது. கணிப்பொறிக் கழுத்துக்கோ ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

அது யாருடைய கழுத்து?

இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்று கேட்டார்: "அந்தக் கணிப்பொறிக்குள் இருப்பது யாருடைய கழுத்து?"

நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஜப்பானில் சறுக்கு இருக்கையில் அமர்ந்த பத்துப் பேரும் ஆண்கள். நியூ ஆர்லியன்ஸின் கடற்படைத் தொண்டர்களும் ஆண்கள். ஹைப்ரிட் 3 பொம்மையின் முதன்மை வடிவம் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள சராசரி அமெரிக்க ஆண். பயோரிட் பொம்மையும் சராசரி ஆணின் அளவே. ஆனால் சாட்டை வீச்சுக் காயத்தால் அதிகம் துன்பப்படுபவர் யார்? 1960-களிலிருந்தே புள்ளிவிவரங்கள் ஒரே திசையைக் காட்டிவருகின்றன. ஒத்த மோதல்களில் பெண்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை இருக்கிறது.

ஆண் கழுத்தின் அளவுகளைச் சுருக்கிவிட்டால் பெண் கழுத்து கிடைத்துவிடாதா? கிடைக்காது. கழுத்துத் தசைகளின் கணிப்பொறி மாதிரியை 1998-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் அனிதா வசாவடா, பத்து ஆண்டுகள் கழித்து ஒரே உயரமுள்ள ஆண்களையும் பெண்களையும் இணை இணையாக எடுத்து அளந்தார். உயரம் ஒன்றாயினும் பெண்களின் கழுத்து மெலிந்திருந்தது. வலிமையும் குறைவாக இருந்தது. வடிவ விகிதங்களே வேறு என்று கண்டார். ஏறத்தாழ அதே பாரம், மெல்லிய தூண்! நம் நோட்டுக் கணக்கில் தலையை 5 கிலோகிராமாகவே வைத்துக்கொண்டு, வில்லின் வலிமையை 2000-லிருந்து 1500 ஆகக் குறைத்துக் கணக்கிடுங்கள். தலை இன்னும் அதிகமாகப் பின்தங்குவதை நீங்களே காண்பீர்கள்.

இந்தக் குறையைப் போக்கும் வேலை இப்போது நடக்கிறது. சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோனாஸ் ஊஸ்த், கரின் புரோலின் முதலியோர் சராசரிப் பெண்ணின் தலையையும் கழுத்தையும் கணிப்பொறியில் உருவாக்கி 2017-இல் வெளியிட்டார்கள். 'விவா' என்று பெயரிட்ட அந்த மாதிரியை எவரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தலாம். அதே நாட்டின் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு, 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோகிராம் நிறையும் கொண்ட சராசரிப் பெண் பொம்மையைப் பின்புற மோதல் சோதனைக்காக 2022-இல் அறிமுகப்படுத்தியது. டொயோட்டா நிறுவனமும் 'தம்ஸ்' என்னும் தன் மனித உடல் மாதிரியை 2021-இல் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. நாளை உங்களில் ஒருவர் அவற்றைத் திறந்து ஆராயக்கூடும்.

மாணவர்களே, இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கணிப்பொறி பொய் சொல்லாது. ஆனால் நாம் கொடுத்த எண்களைத் தாண்டியும் அதற்கு எதுவும் தெரியாது. ஓர் ஆணின் கழுத்தை அளந்து கொடுத்தால் ஆணின் கழுத்தைப் பற்றித்தான் பதில் சொல்லும். சமன்பாடு சரியா என்று கேட்பது போலவே, எண்கள் யாரிடமிருந்து வந்தவை என்றும் கேட்க வேண்டும். என் அக்கா அறிவியல் பட்டம் பெற்றவர் அல்லர்; ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது

தசை தாமதமாகத்தான் வரும். அதை நம்மால் மாற்ற முடியாது. தலை பின்தங்கும் தூரத்தைக் குறைக்க முடியும். கார் இருக்கையின் மேல் உள்ள தலைத்தாங்கி அதற்காகவே இருக்கிறது. சாய்ந்து தூங்குவதற்கான தலையணை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்கு அது கட்டாயமாயிற்று. 1990-களின் இறுதியில் சாப், வோல்வோ முதலிய நிறுவனங்கள், மோதலின்போது தலைத்தாங்கியே முன்னே வந்து தலையை ஏந்தும் இருக்கைகளையும், முதுகோடு சேர்ந்து பின்வாங்கி விசையைத் தணிக்கும் இருக்கைகளையும் கொண்டுவந்தன.

அடுத்த முறை காரில் ஏறும்போது தலைத்தாங்கியைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு இருக்கட்டும். பின்தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அம்மா, பாட்டி ஆகியோரின் இருக்கையையும் சரிசெய்து கொடுங்கள். ஒருவருக்குச் சரியாக இருக்கும் உயரம் மற்றவருக்குப் பொருந்தாது.

அன்று எங்கள் காரில், அக்கா அமர்ந்திருந்த பக்கத்தில் தலைத்தாங்கி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அது கழுத்துக்குத்தான் எட்டியது, தலைக்கு எட்டவில்லை. அதை ஏற்றிவைக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் எனக்கு அது அன்று தோன்றவில்லை. இப்போது வண்டியைக் கிளப்பும் முன் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.